850 கிலோ இலைக்கு ஒரு லென்ஸ்

கோத்தகிரிப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் நான் உடற்கல்வி ஆசிரியை. பிள்ளைகளுக்கு பி.டி. மிஸ். எங்கள் மைதானம் மலைச்சரிவை வெட்டிச் சமன் செய்தது. ஒரு பக்கம் வகுப்பறைகள், மறு பக்கம் தேயிலை. பந்து கோட்டைத் தாண்டினால் செடிகளுக்குள் புகுந்து கீழே ரோடு வரை உருளும். அதை எடுத்து வரவே ஒரு பிள்ளையைத் தனியாக நிறுத்தி வைப்போம்.

ஒரு வருஷம் பெண்கள் கால்பந்து, குறுவட்ட அரையிறுதி. ஐந்தரை மணி ஆகியும் ஆட்டம் முடியவில்லை. மேட்டுப்பாளையம் பக்கத்துப் பள்ளத்திலிருந்து மிஸ்ட் ஏறி வந்தது. மூடுபனி என்று எழுதுவார்கள், எங்கள் ஊரில் மிஸ்ட்தான். எதிர் கோல் போஸ்ட் பாதி மறைந்துவிட்டது. டைபிரேக்கர். எங்கள் கோல்கீப்பர், அப்போது ஒன்பதாம் வகுப்பு, இடது பக்கம் பாய்ந்து விரல் நுனியால் பந்தைத் தட்டிவிட்டாள். அந்த ஒரு படத்துக்காக நான் ஈரத்தில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தேன். சரியான நேரத்தில் அழுத்தவும் செய்தேன். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால் போஸ்ட் கூர்மையாக இருக்கிறது, வலை கண் கண்ணாகத் தெரிகிறது, அவள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மஞ்சள் கறை.

கேமரா குறித்து வைத்திருந்த விவரம் இது: எஃப் 5.6 (லென்ஸின் வாய் திறந்த அளவு), ஐஎஸ்ஓ 1600 (கேமரா வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் அளவு), ஷட்டர் 1/125 (படம் பதிய எடுத்த நேரம், விநாடியில்). லென்ஸில் ஆட்டம் தடுக்கும் வசதி உண்டு, அதனால்தான் போஸ்ட் அவ்வளவு தெளிவு. அந்த வசதி என் கை நடுக்கத்தைத் தடுக்கும், அவள் பாய்ச்சலைத் தடுக்காது. கடையில் இதை யாரும் சொல்வதில்லை. நானும் கேட்கவில்லை.

அதிலிருந்து கற்றதைத்தான் எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையில் இருப்பது கொஞ்சக் காசு, ஓடுவதையும் எடுக்க வேண்டும், அகலமான காட்சியையும் எடுக்க வேண்டும் என்றால், காசின் பெரும்பங்கை ஓட்டத்துக்குப் போடுங்கள். அகலத்துக்கு மிச்சம் மீதி போதும். பல பேருக்கு அதுகூட வேண்டாம்.

மூடிக்குப் பின்னால் இருக்கும் எண்

லென்ஸின் முன் வளையத்தைப் பாருங்கள். கேமராவோடு வந்த 18-55 லென்ஸில் (கிட் லென்ஸ் என்பார்கள்) 1:3.5-5.6 என்று போட்டிருக்கும். 18-ம் 55-ம் எம்எம் கணக்கு, சிறிய எண் அகலமாகக் காட்டும், பெரிய எண் தூரத்தைக் கிட்டே இழுக்கும். 18-ல் எஃப் 3.5 வரை திறக்கும், 55-க்கு இழுத்தால் 5.6-தான். எண் சிறிதாக ஆக வாய் பெரிது. கணக்கு சுலபம்: எண்ணை எண்ணால் பெருக்கி ஒப்பிடுங்கள். 5.6-ன் வர்க்கம் சுமார் 31, 1.8-ன் வர்க்கம் சுமார் 3. அதாவது எஃப் 1.8 லென்ஸ் ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். எஃப் 2.8 நாலு மடங்கு, எஃப் 4 இரண்டு மடங்கு.

இதை என் மைதானத்துக்கு மாற்றினால், அந்த மாலை 1/125 கிடைத்த இடத்தில் எஃப் 1.8 லென்ஸ் இருந்திருந்தால் 1/1250 கிடைத்திருக்கும். 100 மீட்டரை 15 விநாடியில் ஓடும் ஒரு பிள்ளை, 1/125 விநாடிக்குள் ஐந்து சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவாள். கை கால் அதைவிட வேகம். 1/1000 வைத்தால் அந்த நகர்வு ஏழு மில்லிமீட்டராகச் சுருங்கும். கால்பந்துக்கு 1/500 குறைந்தபட்சம், 1/1000 இருந்தால் நிம்மதி.

ஐஎஸ்ஓவை ஏற்றினால் ஆகாதா என்று கேட்பீர்கள். ஆகும், ஓரளவுக்கு. நான் வைத்திருப்பது கேனன் 1500டி. அதில் 3200 வரை தைரியமாகப் போவேன். 6400-ல் மிஸ்ட்டின் சாம்பல் நிறத்தில் ரவை தூவியது போல் புள்ளி வந்துவிடும். வெயிலில் எடுத்த 6400 வேறு, மிஸ்ட்டில் எடுத்த 6400 வேறு.

சரி, பளிச்சென்ற காலை வெயிலில்? அங்கே இந்தப் பிரச்சினையே இல்லை. ஐஎஸ்ஓ 200 வைத்து எஃப் 5.6-ல் 1/2000 கிடைக்கும். தாராபுரத்திலோ ராமநாதபுரத்திலோ இருப்பவர் இந்தக் கட்டுரையின் பாதியைத் தாண்டிப் போகலாம். நீளமான மலிவு ஜூம் ஒன்றே அவருக்குப் போதும். மலையில் ஆட்டம் எப்போதும் மதியத்துக்கு மேல்தான் சூடு பிடிக்கும், வெளிச்சமும் அப்போதுதான் போகும்.

நீளம் வேண்டுமா, நடை வேண்டுமா

விளையாட்டு என்றால் 300 எம்எம் வேண்டும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. டிவியில் எல்லைக் கோட்டுக்கு வெளியே வெள்ளைப் பீரங்கிகளோடு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்து வந்தது. அவர்கள் கோட்டைத் தாண்டி உள்ளே நகர முடியாது. பள்ளி மைதானத்தில் நாம் நகரலாம்.

என் கேமராவில் 250 எம்எம் லென்ஸை 60 மீட்டர் தூரத்திலிருந்து பிடித்தால் எவ்வளவு அடங்குமோ, 85 எம்எம் லென்ஸை 20 மீட்டரிலிருந்து பிடித்தாலும் அதே அளவுதான் அடங்கும். அந்த 40 மீட்டரை லென்ஸுக்குக் காசு கொடுத்தும் கடக்கலாம், காலால் நடந்தும் கடக்கலாம். நான் கோல் லைனுக்கு வெளியே, போஸ்ட்டிலிருந்து ஏழெட்டு அடி தள்ளி, முட்டி போட்டு உட்காருவேன். எதிரணி பெனால்டி பாக்ஸுக்குள் வரும் வரை சும்மா இருப்பேன். ஆட்டத்தில் பாதி நேரம் கேமரா மடியில்தான். பந்து வந்ததும் எல்லாம் என் 20 மீட்டருக்குள் நடக்கும். கீழிருந்து எடுப்பதால் பின்னால் தேயிலையும் வானமும் வரும், அந்தப் பக்கம் நிறுத்தியிருக்கும் ஆட்டோ வராது.

படத்தில் ஆள் சிறிதாக வந்தாலும் பதற வேண்டாம். 24 மெகாபிக்சல் படத்தில் நீளத்திலும் உயரத்திலும் பாதியை வெட்டி எறிந்தாலும் 6 மெகாபிக்சல் மிஞ்சும். 8x12 பிரிண்ட் போட அது தாராளம். எங்கள் ஸ்டாஃப் ரூம் சுவரில் தொங்குவதெல்லாம் அப்படி வெட்டியவைதான்.

இனி எதை வாங்குவது என்று பார்ப்போம். என் அண்ணன் ஒரு ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறார். ஒரு ரவுண்டு எடுத்தால் 200 கிலோ இலை வரும். நான் பழைய 85 எம்எம் லென்ஸை 17,000 ரூபாய்க்கு வாங்கிய மாதம் பச்சை இலை கிலோவுக்கு 20 ரூபாய். "ஏம்மா, 850 கிலோ இலை, நாலு ரவுண்டுக்கு மேல. அதுக்கு இந்தக் குழாயா?" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் லென்ஸ் விலை கிலோவில்தான்.

275 கிலோ, அதாவது 5,500 ரூபாய்: கேனன் 50 எம்எம் எஃப் 1.8 எஸ்டிஎம், செகண்ட் ஹேண்டில். 2015-ல் வந்த லென்ஸ், வெறும் 160 கிராம். கோ-கோ, கபடி, கூடைப்பந்து, மேடை நடனம் எல்லாவற்றுக்கும் இது ஓடும். கால்பந்துக்கு நீளம் குறைவு. ஃபோகஸ் மோட்டார் கொஞ்சம் நிதானம். மிஸ்ட்டில் பிடிமானம் கிடைக்காமல் முன்னும் பின்னும் தேடும். பத்தாயிரத்துக்குள்தான் முடியும் என்பவருக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது இதை.

850 கிலோ: கேனன் 85 எம்எம் எஃப் 1.8 யுஎஸ்எம். 1992-ல் வந்தது. என்னிடம் இருக்கும் லென்ஸுக்கு என் மூத்த மாணவிகளைவிட வயது அதிகமாக இருக்கும். ஆனால் ஃபோகஸ் சட்டென்று உட்காரும், சத்தமே இல்லை. 425 கிராம். ஆட்டம் தடுக்கும் வசதி கிடையாது. 1/1000-ல் எடுப்பவருக்கு அது எதற்கு? முழுவதும் திறந்து வைத்தால் வெள்ளை ஜெர்சி ஓரத்தில் ஊதாக் கோடு வரும், எஃப் 2.2-க்கு மூடினால் குறையும். கூர்மை விழும் ஆழம் 20 மீட்டரில் நாலு மீட்டர் அளவுக்கு இருக்கும், அதனால் தவறினாலும் பெரிதாகத் தெரியாது. 5 மீட்டரில் அது ஒரு சாண். பிள்ளை உங்களை நோக்கி ஓடி வரும்போது மூக்கு கூர்மையாகவும் காது மங்கலாகவும் போகும். அப்போது எஃப் 2.8-க்கு மூடிவிடுங்கள்.

நிக்கான் வைத்திருப்பவருக்கு இந்த இடத்தில் 85 எம்எம் எஃப் 1.8ஜி. அவர்கள் ஒரு எழுத்தில் ஏமாறாமல் இருக்க வேண்டும். கடைசியில் 'டி' போட்ட பழைய லென்ஸ்கள் பெரும்பாலானவற்றுக்குள் மோட்டார் இல்லை. டி3000, டி5000 வரிசை கேமரா பாடிகளிலும் மோட்டார் இல்லை. இரண்டையும் சேர்த்தால் கையால்தான் திருக வேண்டும். டி90, டி7000 வரிசை என்றால் கவலையில்லை. அதே மாதிரி 'ஏஎஃப்-பி' என்று தொடங்கும் புது லென்ஸ்கள் டி3100, டி3200, டி5100 போன்ற பழைய பாடிகளில் ஃபோகஸே ஆகாது. விலை குறைவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி வந்து, லென்ஸ் கெட்டுவிட்டது என்று என்னிடம் தூக்கி வந்தவர்கள் உண்டு.

வெயில் கிடைக்கும் என்று உறுதியாகத் தெரிந்தவருக்கு கேனன் 55-250 எஸ்டிஎம் நல்ல லென்ஸ், லேசானதும்கூட. காட்டெருமை ரோட்டோரம் மேயும்போது நானும் அதைத்தான் எடுப்பேன். காட்டெருமைக்கு மட்டும் நடந்து கிட்டே போகும் வைத்தியம் வேண்டாம்.

மிக மலிவான நீள ஜூம்கள் சில உண்டு. ஆட்டம் தடுப்பும் இல்லை, மோட்டாரும் கரகரவென்று மெதுவாகத் திரும்பும். நான் முதலில் வாங்கி ஏமாந்தது அப்படி ஒன்று. பெட்டியில் 300 என்று போட்டிருந்ததைப் பார்த்து வாங்கினேன். இன்று அது எங்கள் அறிவியல் ஆய்வகத்தில் குவி லென்ஸ் காட்டப் பயன்படுகிறது.

70-200 எஃப் 2.8 என்ற பெரிய லென்ஸ் எல்லோரும் ஆசைப்படுவது. கேனனின் முதல் மாடலே 1300 கிராம். வாங்குவதை நான் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. மாவட்டப் போட்டி ஒரு நாள்தான் என்றால் கோவையில் வாடகைக்குக் கிடைக்கும். அடையாள அட்டை நகலும் முன்பணமும் கேட்பார்கள். எடுக்கும்போதே கண்ணாடியில் கீறல் இருக்கிறதா என்று கடைக்காரர் கண் முன்னால் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வேகமாகத் தெரிவதெல்லாம் வேகம் இல்லை

நீளம் தாண்டுதலுக்கு இந்த லென்ஸ் எதுவும் தேவையில்லை. பிள்ளை எங்கே குதிக்கப் போகிறாள் என்று பலகையே சொல்கிறது. பலகையில் ஒரு செருப்பை வைத்து ஃபோகஸ் பண்ணி, லென்ஸ் பக்கத்தில் இருக்கும் பொத்தானை 'எம்எஃப்'-க்கு, அதாவது கையால் ஃபோகஸ் பண்ணும் பக்கத்துக்குத் தள்ளிவிட்டுக் காத்திருந்தால் போதும். என் மாமா பெட்டியில் கிடந்த, திருகு போட்டு மாட்டும் பழைய காலத்து 135 எம்எம் எஃப் 2.8 லென்ஸைச் சில நூறு ரூபாய் அடாப்டர் போட்டுக் கேனனில் மாட்டி, அந்த வருஷ விளையாட்டு விழாவையே எடுத்தேன். நிக்கானில் அந்த ரக லென்ஸை வெறும் வளையம் போட்டு மாட்டினால் தூரத்தில் இருப்பது ஃபோகஸ் ஆகாது, பாடியின் ஆழமே வேறு.

அப்புறம் நம்ம மலை ரயில். ஓடுகிற வண்டி, புகை வேறு விடுகிறது, அதனால் பெரிய லென்ஸ் வேண்டும் என்று சுற்றுலா வருபவர்கள் நினைக்கிறார்கள். கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரத்தைப் பிடித்து ஏறும்போது மணிக்கு 13 கிலோமீட்டருக்கு மேல் போகாது. என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அதைவிட வேகம். 18-55 போதும், 1/250 போதும். தெரிந்துகொள்ள வேண்டியது வேறு: மலை ஏறும்போது நீராவி என்ஜின் பின்னாலிருந்து தள்ளும். வளைவில் முன்னால் நின்றால் கொடியோடு நிற்கும் பிரேக்ஸ்மேன்தான் முதலில் வருவார், என்ஜின் கடைசியில் வரும். அது தெரியாமல் என்ஜினுக்குக் காத்திருந்து, வண்டி பாதி போன பிறகு அழுத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன். குன்னூருக்கு மேலே ஊட்டி வரை பெரும்பாலும் டீசல்தான். தண்டவாளத்தில் இறங்கி நிற்காதீர்கள். ரோட்டிலிருந்தும் ஸ்டேஷனிலிருந்தும் நல்ல இடங்கள் இருக்கின்றன.

அகலம்: கோடநாட்டில் நான் செய்த தப்பு

சம்பளம் உயர்ந்த மாதம் ஆசையாக ஒரு 10-18 அகல லென்ஸ் வாங்கி நேராகக் கோடநாடு வியூ பாயிண்டுக்குப் போனேன். அன்று வானம் கழுவி விட்டது போல் இருந்தது. கீழே மாயாறு, தெங்குமரஹாடா வயல், தூரத்தில் பவானிசாகர் தண்ணீர், பக்கவாட்டில் ரங்கசாமி மலை. 10 எம்எம்-ல் எல்லாமே அடங்கியது. அடங்கியதுதான் பிரச்சினை. ரங்கசாமி மலை ஒரு பட்டாணிக்கடலை அளவுக்கு வந்தது, மாயாறு ஒரு நூல். முக்கால்வாசிப் படம் வெறும் வானமும் கம்பி வேலியும்.

அகல லென்ஸ் கிட்டே இருப்பதைப் பெரிதாக்கும், தூரத்தில் இருப்பதைத் தள்ளிவிடும். அடுக்கடுக்கான மலையை எடுக்க வேண்டும் என்றால் 55-க்கு இழுங்கள், 85 மாட்டுங்கள். மலை ஒன்றின் பின் ஒன்றாக நெருங்கி வந்து நிற்கும். நீலகிரியின் காட்சி முனைகளில் நான் இப்போது பெரும்பாலும் எடுப்பது 50-லிருந்து 100-க்குள்தான்.

பள்ளத்தாக்கு முழுவதும் ஒரே படத்தில் வேண்டுமா? கிட் லென்ஸை 24-ல் வைத்து, கேமராவை நெட்டுக்குத்தாகப் பிடித்து, இடமிருந்து வலமாக ஆறு படம் எடுங்கள். ஒவ்வொன்றும் முந்தையதில் மூன்றில் ஒரு பங்கை மூட வேண்டும். ஷட்டர், அப்பர்ச்சர் (அந்த எஃப் எண்), ஃபோகஸ் மூன்றும் ஆறிலும் மாறக்கூடாது. ஹியூஜின் என்ற இலவச மென்பொருள் அவற்றை ஒட்டித் தரும். காசு பூஜ்யம், மலையும் சிறுக்காது. மேகம் வேகமாக நகரும் நாளில் மட்டும் ஒட்டு தெரியும்.

அப்படியானால் 10-18 எதற்கு? உள்ளே நுழைந்து எடுக்க. ஒரு தேயிலைச் செடியின் கொழுந்து லென்ஸிலிருந்து இரண்டு சாண் தூரத்தில் இருக்க, பின்னால் சரிவு முழுவதும் விரிய எடுக்கலாம். பேரகணியில் ஹெத்தையம்மன் திருவிழாவுக்கு வெள்ளை உடுத்திக் கூட்டம் கூட்டமாக நடந்து வருபவர்கள் நடுவே நின்று எடுக்கலாம், பெரியவர்களிடம் கேட்டுவிட்டு, எங்கே எடுக்கக்கூடாது என்கிறார்களோ அங்கே மூடி வைத்துவிட்டு. வட்டம் கட்டி ஆடும் ஆட்டத்தில் வட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்து எடுத்தால், கிட்டே இருப்பவரின் கால் தூக்கலும் எதிர்ப்பக்கம் முழுவதும் ஒரே படத்தில் வரும். ஆக்‌ஷனுக்கும் அகலத்துக்கும் சேர்த்து ஒரே லென்ஸ் உதவும் இடம் இதுதான்.

வாங்கும் முன் காசில்லாத சோதனை ஒன்று. உங்கள் போனில் 0.5 எக்ஸ் என்று ஒரு பொத்தான் இருக்கும். கேனன் 10-18-ன் கடைக்கோடி அகலமும் ஏறக்குறைய அந்த அளவுதான். ஒரு மாதம் போனில் அதை மட்டுமே வைத்துப் படம் எடுங்கள். பத்துக்கு இரண்டு படம்கூடப் பிடிக்கவில்லை என்றால் உங்களுக்கு அகல லென்ஸ் வேண்டாம்.

பிடித்திருந்தால் கேனனுக்கு 10-18 எஸ்டிஎம், நிக்கானுக்கு ஏஎஃப்-பி 10-20. இரண்டுமே கால் கிலோவுக்குள், இரண்டுமே எஃப் 4.5-5.6. வாய் சின்னது என்று தயங்க வேண்டாம், இங்கே அது குறையே இல்லை. 10 எம்எம்-ல் எஃப் 8 வைத்து, முக்கால் மீட்டர் தூரத்தில் இருக்கும் பொருளில் ஃபோகஸ் பண்ணினால், அரை மீட்டருக்குள்ளிருந்து அடிவானம் வரை எல்லாம் கூர்மை. வெளிச்சம் குறைந்தால் ட்ரைபாட். மலை ஓடாது. நான் 10-18-ஐப் பழையதாக 10,000 ரூபாய்க்கு, அண்ணன் கணக்கில் 500 கிலோவுக்கு வாங்கினேன்.

டோக்கினா 11-16 எஃப் 2.8 என்று ஒன்று உண்டு. இரவு வானத்தில் நட்சத்திரம் எடுப்பவருக்கு மட்டும் சொல்வேன். அதன் முதல் மாடலில் மோட்டார் இல்லை என்பதை நிக்கான்காரர்கள் மறக்க வேண்டாம். சாம்யாங் 14 எம்எம் எஃப் 2.8-ம் நட்சத்திரத்துக்குத்தான், ஃபோகஸ் கையால். முன் கண்ணாடி கோலிக்குண்டு மாதிரி பிதுங்கி நிற்கும், சாதாரண ஃபில்டர் மாட்ட முடியாது, தூறலில் துடைத்தே பொழுது போகும். லென்ஸின் முன்னால் திருகும் 'வைடு கன்வெர்ட்டர்' கண்ணாடிகளை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

அகல லென்ஸில் அணிப் படம் மட்டும் எடுத்துவிடாதீர்கள். ஓரத்தில் நிற்பவரை அது பக்கவாட்டில் இழுத்துவிடும். "மிஸ், நான் அவ்வளவு குண்டா?" என்று திங்கட்கிழமை காலை பிரேயரிலேயே கேட்டாள் எங்கள் லெஃப்ட் விங்கர். பத்தடி பின்னால் போய் 24-க்கு மேல் வைத்து எடுங்கள்.

டார்ச் அடித்துப் பார்ப்பது

நான் மேலே விலை சொன்ன லென்ஸ்கள் எல்லாமே செகண்ட் ஹேண்ட்தான். மலையில் செகண்ட் ஹேண்ட் லென்ஸுக்கு முதல் எதிரி பூஞ்சை, கடைக்காரர்கள் ஃபங்கஸ் என்பார்கள். கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி கார்த்திகையில்தான் கனமழை. அந்த இரண்டு மாதம் அலமாரியில் பையோடு தூங்கிய லென்ஸை மார்கழியில் எடுத்துப் பார்த்தால் தெரியும்.

வாங்கும் இடத்தில் இரண்டு மூடியையும் கழற்றுங்கள். போன் டார்ச்சைப் பின்பக்கத்திலிருந்து அடித்து, முன்பக்கம் சற்றுச் சாய்வாகப் பாருங்கள். நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, கண்தான் கூசும். தூசு நட்சத்திரம் மாதிரி புள்ளி புள்ளியாகத் தெரியும். நாலைந்து இருந்தால் பரவாயில்லை, படத்தில் வராது. பூஞ்சை வேறு மாதிரி. சிலந்தி வலையின் ஒரு மூலை போல, வேர் விட்ட மயிரிழை போல, ஒரு ஓரத்திலிருந்து கிளை பிரிந்து போகும். கண்ணாடி முழுவதும் பால் படிந்தாற்போல் தெரிந்தால் அதுவும் ஆகாது. கோவையில் ஒரு கடையில், "சும்மா ஓரத்துல இருக்கு மேடம், தொடச்சா போயிடும்" என்றார்கள். துடைக்க முடியாத இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் இருந்தது அது. பூஞ்சை மேல்பூச்சையே அரித்திருந்தால் சுத்தம் செய்த பிறகும் தடம் நிற்கும். நான் அப்போது அறியாமல் வாங்கினேன். வெயிலுக்கு எதிராக எடுத்தால் இன்றும் அதில் வெள்ளைப் படலம்தான்.

அப்புறம் உங்கள் பாடியிலேயே மாட்டுங்கள், கடைக்காரர் பாடியில் வேண்டாம். ஓடு பதித்த சுவரோ செங்கல் சுவரோ இருந்தால் நேர் எதிரே நின்று, முழுவதும் திறந்து ஒரு படம், எஃப் 8-ல் ஒரு படம். நாலு மூலையையும் பெரிதாக்கிப் பாருங்கள். நாலும் ஒரே மாதிரி கொஞ்சம் மங்கலாக இருந்தால் அது அந்த லென்ஸின் குணம். ஒரு மூலை மட்டும் மங்கல் என்றால் எங்கோ விழுந்து உள்ளே சாய்ந்திருக்கிறது.

85 போன்ற வாய் அகன்ற லென்ஸுக்கு இன்னொரு சோதனை முக்கியம். மேஜையில் செய்தித்தாளை விரித்து, சாய்வாக நின்று, நடு வரியில் ஃபோகஸ் பண்ணி எஃப் 1.8-ல் எடுங்கள். நீங்கள் குறி வைத்த வரி கூர்மையா, அதற்கு முந்தையதா, பிந்தையதா? பிறகு லைவ் வியூ போட்டு, அதாவது பின்பக்கத் திரையில் பார்த்து, அதையே எடுத்து ஒப்பிடுங்கள். லைவ் வியூவில் சரியாகவும் கண் துளை வழியாக எடுத்ததில் தப்பாகவும் இருந்தால் வாங்காதீர்கள். விலை கூடிய பாடிகளில் இதைச் சரிசெய்யும் அமைப்பு உண்டு, 1500டி போன்றவற்றில் கிடையாது.

கிட்டே, தூரம், கிட்டே, தூரம் என்று இருபது முறை ஃபோகஸ் பண்ணிப் பாருங்கள். பதினைந்தாவது முறை திக்கும் மோட்டார்கள் உண்டு. எஃப் 16-ல் வைத்து, முன்னாலிருந்து கண்ணாடிக்குள் பார்த்துக்கொண்டே படம் எடுங்கள். லென்ஸின் வாயைத் திறந்து மூடும் இதழ்கள் பளிச்சென்று சுருங்கி விரிய வேண்டும், எண்ணெய்ப் பசை தெரியக்கூடாது. மற்றபடி வெளியே பெயிண்ட் உரிந்ததும் ரப்பர் தளர்ந்ததும் பேரம் பேசத்தான்.

பாடி பழையதாயிற்றே, இனி எல்லாம் மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத புது ரகக் கேமரா) என்கிறார்களே என்ற கவலை பலருக்கு. கேனனின் இந்தப் பழைய லென்ஸ்கள் அடாப்டர் போட்டால் அவர்களின் புது மிரர்லெஸ் பாடிகளில் ஃபோகஸோடு வேலை செய்யும். எல்லோரும் விற்றுத் தள்ளுகிற காலம் வாங்குபவருக்கு நல்ல காலம்.

வீட்டுக்கு வந்த லென்ஸைக் கேமராப் பையில் வைக்காதீர்கள். காற்றுப் புகாத பெரிய பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று. முள் 40-க்கும் 50-க்கும் நடுவில் நிற்க வேண்டும். மழை மாதங்களில் ஜெல்லை வாணலியில் வறுத்து ஈரம் போக்கி மறுபடி போடுவேன். அதற்கென்று தனி வாணலி. மிஸ்ட்டில் எடுத்துவிட்டு அடுப்பு எரியும் சமையலறைக்குள் வந்ததும் பையைத் திறக்காதீர்கள். அரை மணி நேரம் மூடியே இருக்கட்டும், இல்லாவிட்டால் கண்ணாடி முழுவதும் வியர்த்துவிடும்.

எடுத்த படத்தை எங்கேயாவது போடுவதற்கு முன் பிள்ளையின் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது என் வழக்கம். பெண் பிள்ளைகள் விஷயத்தில் கட்டாயம்.

இவ்வளவையும் எழுத வைத்தது போன வாரம் வந்த ஒரு கேள்வி. "மிஸ், பார்ட் டைம் வேலையில 20,000 சேர்த்திருக்கேன். காலேஜ் மேட்ச் எடுக்கணும், ஊருக்கு வந்தா மலையும் எடுக்கணும். என்ன லென்ஸ் வாங்கட்டும்?" கேட்டது அந்த கோல்கீப்பர்தான். இப்போது கோவையில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். பாடி அவளிடம் இருக்கிறது, கிட் லென்ஸும் இருக்கிறது. 85-ஐப் பார், 17,000-க்கு மேல் போகாதே, மிச்சத்தில் டப்பாவும் ஜெல்லும் வாங்கு, மலையைக் கிட் லென்ஸில் ஒட்டி எடு என்று சொல்லியிருக்கிறேன். ஒரு லென்ஸ் விற்பனைக்கு வந்திருக்கிறதாம், சனிக்கிழமை பார்க்கப் போகிறோம். செய்தித்தாள் நான் எடுத்து வருகிறேன், போனை முழுசா சார்ஜ் போட்டுக் கொண்டு வா என்று பதில் போட்டேன். அவளுடைய வாட்ஸ்அப் முகப்பில் இன்னும் அந்த மஞ்சள் கறைதான் இருக்கிறது.